‘வாங்கித் தின்னலாமே’ என்பவர்களுக்கு

போன மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரன் சொந்தக்காரப் பையன். மும்பையில் நிதி நிறுவனம் ஒன்றில் நல்ல வேலை. பேச்சு நெல்லுக்கான கொள்முதல் விலைப் பக்கம் திரும்பியது. சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னான்: “எதுக்கு பெரியப்பா இவ்வளவு தண்ணி, இவ்வளவு மானியம், இவ்வளவு போராட்டம்? எவன் மலிவா விளைவிக்கிறானோ அவன்கிட்ட வாங்கித் தின்னுட்டுப் போலாமே. நம்ம ஆளுங்க வேற வேலை பாக்கட்டும்.”

அவன் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குறுவையும் சம்பாவும் பார்த்த குடும்பத்துப் பிள்ளைகள். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மறுத்து ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

அந்தப் பையன் தானாக யோசித்துக் கண்டுபிடித்த கருத்து அல்ல இது. நாற்பது வருடங்களாக வாஷிங்டனில் இருக்கும் உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் ஏழை நாடுகளின் தொண்டைக்குள் திணித்த பாடம். உணவுப் பாதுகாப்புக்குத் தற்சார்பு தேவையில்லை, கையில் டாலர் இருந்தால் கப்பல் வரும் என்பது அதன் சாரம். இன்று அது தொலைக்காட்சி விவாதத்தில் பேசப்படுகிறது, மேலாண்மைக் கல்லூரியில் கற்பிக்கப்படுகிறது, பத்திரிகைத் தலையங்கத்தில் அறிவாளித்தனமாக எழுதப்படுகிறது. கேட்பவர்களும் இதில் ஏதோ நியாயம் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். ஒரு நியாயமும் கிடையாது. இந்தப் பாடத்தை முழுசாக நடத்திப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஹைட்டி.

கரீபியன் கடலில் ஒரு தீவின் மேற்குப் பகுதி ஹைட்டி. பரப்பில் தமிழ்நாட்டின் ஐந்தில் ஒரு பங்குதான். அதன் நடுவே ஆர்ட்டிபோனிட் என்ற ஆறு ஓடுகிறது. 1950களில் அதன் குறுக்கே பெலிக்ர் அணையைக் கட்டினார்கள். அணைக்குக் கீழே விரியும் பள்ளத்தாக்குதான் அந்த நாட்டின் நெற்களஞ்சியம். நம் டெல்டாவைப் போலவே வாய்க்காலும் வரப்பும் நாற்றங்காலும் உள்ள ஊர்கள். 1980களின் தொடக்கம் வரை ஹைட்டி மக்கள் தின்ற அரிசியில் ஏறத்தாழ முழுவதும் அந்த நாட்டிலேயே விளைந்தது. சோளம், மக்காச்சோளம், கிழங்கு, வாழை என்று மற்றதும் உண்டு. பணக்கார நாடாக அது ஒருபோதும் இருந்ததில்லை. துவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரம் அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஆனாலும் அரிசிக்குக் கப்பலை எதிர்பார்த்து நிற்கவில்லை.

1986 பிப்ரவரியில் இளைய துவாலியே நாட்டைவிட்டு ஓடினார். அடுத்து வந்த ராணுவக் குழு, கடன் கொடுப்பவர்கள் சொன்னபடி துறைமுகங்களைத் திறந்துவிட்டது. அமெரிக்க அரிசி வந்து இறங்கியது. ஜனங்கள் அதற்கு மயாமி அரிசி என்று பெயர் வைத்தார்கள். ஆர்ட்டிபோனிட் விவசாயிகள் அந்த லாரிகளைச் சாலையில் வழிமறித்தார்கள். என்ன நடக்கப்போகிறது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. பொருளாதாரப் பட்டம் பெற்றவர்களுக்குத்தான் தெரியவில்லை.

அதன்பின் நடந்தது இன்னும் மோசம். 1990 டிசம்பரில் அரிஸ்டீட் என்ற பாதிரியாரை மக்கள் ஓட்டுப் போட்டு அதிபர் ஆக்கினார்கள். ஒரு வருடம் முடியும் முன்பே ராணுவம் கவிழ்த்தது. 1994 அக்டோபரில் அமெரிக்கப் படையின் துணையோடு அவர் திரும்பி வந்தார். நாற்காலி மட்டும் சும்மா வரவில்லை. அதனோடு கட்டமைப்புச் சீர்திருத்தம் என்ற நிபந்தனைக் கட்டும் வந்தது. 1995இல் அரிசி மீதான இறக்குமதிச் சுங்கம் 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறங்கியது. மூன்றே மூன்று சதவீதம். பக்கத்துக் கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பு வெளி அரிசிக்கு வைத்திருக்கும் பொதுச் சுங்கம் 25 சதவீதம். மிகவும் பின்தங்கிய நாடுகள் வேளாண் சுங்கத்தைக் குறைக்கத் தேவையில்லை என்று உலக வணிக அமைப்பின் ஒப்பந்தமே சொல்கிறது. ஹைட்டி அந்தப் பட்டியலில் உள்ள நாடு. சட்டம் கேட்காததைக் கடன்காரன் கேட்டு வாங்கினான்.

அதே வருடங்களில் அமெரிக்கா தன் நெல் விவசாயிக்கு அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த நாட்டு நெல்லில் பாதிக்குப் பக்கம் விளைவது ஆர்கன்சா மாநிலத்தில். நூற்றுக்கணக்கான ஏக்கர் பண்ணைகள், விமானத்திலிருந்து விதைப்பு, லேசர் வைத்துச் சமன் செய்த வயல், அதற்கு மேல் அரசுப் பணம். எதிரே அரை எக்டேர், ஒரு எக்டேர் வைத்துக்கொண்டு மண்வெட்டியோடு நிற்கும் ஆர்ட்டிபோனிட் குடியானவன். அவனுக்குக் கடனும் இல்லை, உரமும் இல்லை, தூர் வாராத வாய்க்கால்தான் உண்டு. இந்த இரண்டு பேரையும் ஒரே களத்தில் இறக்கிவிட்டு, ஜெயிப்பவன் திறமைசாலி என்று அறிவித்தார்கள். இதற்குத் தடையற்ற சந்தை என்று பெயர் சொல்ல எப்படி வாய் வருகிறது? ஒருவன் மானியத்தோடு வருவதற்குத்தான் தடை இல்லை. இன்னொருவன் தன் வீட்டு வாசலைச் சாத்திக்கொள்ளக்கூடத் தடை.

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்று ஹைட்டி தின்னும் அரிசியில் 80 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது; பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து.

“மலிவா கிடைச்சா ஏழைக்கு நல்லதுதானே?” என்று உடனே கேட்பார்கள். ஏழை என்றால் இவர்கள் மனதில் இருப்பது பட்டணத்தில் கையில் காசோடு கடைக்குப் போகிறவன் மட்டும். ஹைட்டியில் ஏழைகளில் பெரும்பகுதி கிராமத்துக் குடியானவர்கள். அரிசி விலை விழுந்தபோது விழுந்தது அவர்களுடைய வருமானம். நடவுக்கும் அறுப்புக்கும் போன கூலிக்காரர்களின் கூலி போயிற்று. தலையில் மூட்டை சுமந்து சந்தைக்குச் சந்தை நடந்து அரிசி விற்ற பெண்களின் பிழைப்பு போயிற்று. கடையில் அரிசி மலிவு. வாங்கக் கையில் காசு இல்லை. இந்த மலிவால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

அந்த மலிவாவது நிலைத்ததா? 2008க்கு வருவோம். அந்த வருடத்தின் முதல் மாதங்களில் தாய்லாந்து அரிசி விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறி டன் 1000 டாலரைத் தாண்டியது. விளையும் அரிசியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உலகில் எல்லை தாண்டி விற்பனைக்கே வருகிறது. அந்த நேரத்தில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. வியட்நாம் நிறுத்தியது. எகிப்து நிறுத்தியது. தன் ஜனத்துக்கு முதலில் என்று ஒவ்வொரு நாடும் கதவைச் சாத்தியது. அதில் தவறு ஒன்றும் இல்லை, எந்த அரசும் அதைத்தான் செய்யும். இந்த உண்மையைத்தான் ‘வாங்கித் தின்னலாமே’ கோஷ்டி ஒருபோதும் கணக்கில் எடுப்பதில்லை. விற்பவனுக்கு வேண்டாததாக இருக்கும்வரைதான் சந்தையில் அரிசி கிடைக்கும். உனக்கு மிக அவசியமாகத் தேவைப்படும் நாளில் விற்பவனுக்கும் அதே தேவை இருக்கும்.

அந்த ஏப்ரலில் ஹைட்டியின் தெற்கே லே கே என்ற ஊரில் கலவரம் வெடித்தது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்குப் பரவியது. அதிபர் மாளிகை வாசலில் ஜனங்கள் மோதினார்கள், சுடப்பட்டுச் செத்தார்கள். ஏப்ரல் 12ஆம் தேதி நாடாளுமன்ற மேலவை பிரதமர் அலெக்சியைப் பதவியிலிருந்து இறக்கியது. சிதே சொலே சேரியில் களிமண்ணையும் உப்பையும் கொழுப்பையும் பிசைந்து தட்டி வெயிலில் காயவைத்த வட்டுகளைப் பசிக்குத் தின்றார்கள். அந்தப் படங்களை உலகமே பார்த்தது. அந்த மண் வட்டைத் தின்றவர்களின் பெற்றோர்களில் எத்தனை பேர் நெல் விளைவித்தவர்கள் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

2010 மார்ச்சில் அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழுவின் முன்னால் பில் கிளிண்டன் உட்கார்ந்தார். 1995இல் அதிபர் நாற்காலியில் இருந்தவர் அவர்தான். அதற்கு முன் ஆர்கன்சா மாநிலத்தின் கவர்னரும் அவர்தான். அந்தக் கொள்கை ஆர்கன்சாவிலுள்ள தன் விவசாயிகள் சிலருக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் பலிக்கவில்லை, அது தவறு, ஹைட்டி தன் மக்களுக்குச் சோறு போடும் திறனை இழந்ததன் விளைவோடு தான் தினமும் வாழ வேண்டியிருக்கிறது என்று சொன்னார். செய்தவரே சொல்லிவிட்டார். அதன்பிறகும் நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் ஒருவன் அதே கொள்கையை வேதமாக ஒப்பிக்கிறான் என்றால் அவனுக்குப் பாடம் நடத்தியவர்களின் மேல்தான் எனக்கு ஆத்திரம். கிளிண்டன் வாக்குமூலத்தை அவர்கள் ஏன் வகுப்பில் சொல்வதில்லை? ஏன் ஒரு தலையங்கத்திலும் அது வருவதில்லை?

“விவசாயத்திலிருந்து ஜனங்களை வெளியே எடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பணும்” என்பது இவர்களின் அடுத்த பாட்டு. ஹைட்டியில் வெளியே எடுத்தார்கள். எங்கே போனார்கள்? போர்ட்-ஓ-பிரின்ஸின் மலைச்சரிவுகளில் சிமெண்டும் கம்பியும் போதாத வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு குடியேறினார்கள். தையல் ஆலைகளில் கொஞ்சம் பேருக்கு வேலை கிடைத்தது. மீதிப் பேர் தெருவில் நின்றார்கள். 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் அந்தச் சரிவுகள் அப்படியே சரிந்தன. அந்த நாட்டு அரசின் கணக்கில் செத்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். ஊரில் நெல் வயல் பிழைக்க வைத்திருந்தால் இதில் எத்தனை பேர் அந்தச் சரிவுக்கு வந்திருக்கவே மாட்டார்கள்!

நிலநடுக்கத்துக்குப் பிறகாவது திருந்தினார்களா என்றால் இல்லை. நாட்டின் வடக்கே கரகோல் என்ற இடத்தில் விளைநிலத்தை எடுத்து, நூற்றுக்கணக்கான விவசாயக் குடும்பங்களை அப்புறப்படுத்தி, தொழிற்பூங்கா கட்டினார்கள். 65 ஆயிரம் வேலை என்றார்கள். அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூட அது வரவில்லை. அவசர உதவி என்று வந்த இலவச அரிசியும் அறுவடை நேரத்தில் ஆர்ட்டிபோனிட் சந்தைகளில் விலையை அமுக்கியது. பசித்தவனுக்கு முதல் வாரம் சோறு கொடுப்பது வேறு. மாதக்கணக்கில் கப்பல் கப்பலாகக் கொட்டி உள்ளூர் நெல்லை விற்க முடியாமல் செய்வது வேறு. அன்றைய அதிபர் பிரேவாலே உணவை அனுப்புவதை நிறுத்தி, வேலையையும் விவசாயத்தையும் தூக்கி நிறுத்த உதவச் சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் ஐநா அமைதிப் படை முகாமின் கழிவு ஆர்ட்டிபோனிட்டின் துணையாற்றில் கலந்து காலரா பரவியது. ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் செத்தார்கள். வயலில் இறங்கித் தண்ணீரில் கால் வைக்கவே விவசாயிகள் பயந்தார்கள். ஐநா தன் பங்கை ஒப்புக்கொள்ள 2016 வரை ஆயிற்று. ஆறு வருடங்கள்!

பன்றி விவகாரத்தைச் சொல்லாமல் இதை விட முடியவில்லை. ஹைட்டிக் குடியானவன் வீட்டில் கிரியோல் பன்றி என்று கருத்த நாட்டுப் பன்றி இருக்கும். குப்பையைத் தின்று வளரும், தனித் தீவனம் கேட்காது. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டுமா, வீட்டில் கல்யாணமா, சாவா, ஒரு பன்றியை விற்பார்கள். 1970களின் கடைசியில் அந்தத் தீவுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. தங்கள் பன்றிப் பண்ணைகளுக்கு நோய் தொற்றிவிடும் என்று அமெரிக்கா பயந்தது. 1980களின் தொடக்கத்தில், அதன் பணத்தில், நாடு முழுவதும் இருந்த கிரியோல் பன்றிகளைக் கொன்று தீர்த்தார்கள். பதிலுக்கு அமெரிக்கப் பன்றிகளை அனுப்பினார்கள். அவற்றுக்குச் சிமெண்டுத் தரை வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், விலை கொடுத்து வாங்கும் தீவனம் வேண்டும். அதை வளர்க்கிற மனிதனின் வீட்டிலேயே சிமெண்டுத் தரை கிடையாது. அரிசி போவதற்குச் சில வருடம் முன்பே அவன் சேமிப்பு போய்விட்டது. இந்த இரண்டு அடியையும் வாங்கிய பிறகு ஒரு கிராமம் எப்படி எழும்? திட்டம் போட்ட நிபுணர்களில் ஒருவருக்காவது ஒரு நாள் சம்பளம் குறைந்ததா? ஒரு குடியானவன் விதை தேர்வில் தப்பு செய்தால் அந்தப் போகம் பட்டினி கிடக்கிறான். இவர்கள் ஒரு நாட்டையே பட்டினி போட்டுவிட்டு அடுத்த நாட்டுக்கு ஆலோசகராகப் போகிறார்கள்.

“ஹைட்டி அப்படித்தான், அங்கே அரசு சரியில்லை, ஊழல், வன்முறை” என்று சிலர் நழுவப் பார்ப்பார்கள். நழுவ வழியில்லை. அதே தீவின் கிழக்குப் பகுதியில் டொமினிக்கன் குடியரசு இருக்கிறது. அதே மலை, அதே புயல், அதே கடல். அந்த நாட்டிலும் ஊழல் உண்டு, சர்வாதிகாரம் இருந்ததுண்டு. ஆனால் தன் நெல்லுக்குச் சுங்கச் சுவர் வைத்தது, விவசாயிக்குக் கடன் கொடுத்தது, அறுவடை நேரத்தில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. தான் தின்னும் அரிசியில் பெரும்பகுதியை இன்றும் தானே விளைவிக்கிறது. இரண்டு நாட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு எல்லைக்கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் அறிவுரையைக் கேட்டவர்கள், மறுபக்கம் கேட்காதவர்கள்.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். மலாவி நாட்டில் தானியக் கையிருப்புக்குச் செலவு அதிகம், குறையுங்கள் என்று நாணய நிதியம் ஆலோசனை சொன்னது. கையிருப்பை விற்றுத் தீர்த்த கையோடு 2002இல் பஞ்சம் வந்தது. 2005இல் அதிபர் முத்தாரிகா, கடன் கொடுப்பவர்களின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல், சிறு விவசாயிக்கு உரத்தையும் விதையையும் மானியத்தில் கொடுத்தார். நல்ல மழையும் சேர்ந்துகொண்டது. அடுத்த அறுவடையில் மக்காச்சோளம் இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் வீட்டு அடுப்பங்கரையைப் பாருங்கள். 1986இல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கினார்கள். விலை ஆதரவும் இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர, 1990களின் முதல் பாதியில் சமையல் எண்ணெயில் இந்தியா ஏறத்தாழத் தற்சார்பு அடைந்தது. கடலை போட்டவனுக்கும் எள் போட்டவனுக்கும் கடுகு போட்டவனுக்கும் அது நல்ல காலம். 1994இல் தொடங்கி இறக்குமதியைத் திறந்தார்கள். சில வருடங்களில் சுங்கத்தை 15 சதவீதம் வரை இறக்கினார்கள். பாமாயில் மலிவு, வாங்கித் தின்னலாமே! இன்று நாம் ஊற்றும் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஊர் ஊராகச் செக்கு நின்றுபோனது. மானாவாரி நிலத்தில் கடலை போட்டுப் பிழைத்த குடும்பங்கள் கட்டட வேலைக்குப் போய்விட்டன. 2022இல் உக்ரைனில் போர் மூண்டதும் சூரியகாந்தி எண்ணெய் நின்றது. அந்த ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. எண்ணெய் விலை எங்கே போய் நின்றது என்று குடும்பம் நடத்துகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஞாபகம் இருக்கும். ஹைட்டிக்கு அரிசியில் நடந்தது நமக்கு எண்ணெயில் நடந்துவிட்டது. சோறு மட்டும் நம் கையில் இருந்ததால் தப்பித்தோம்.

அந்தச் சோறும் சும்மா நம் கைக்கு வரவில்லை. 1960களின் நடுவில் இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பி இருந்தது. 1966இல் மட்டும் 1 கோடி டன் தானியம் இறக்குமதி ஆயிற்று. வியட்நாம் போரை இந்தியா குறை சொன்னது அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. கோதுமையை மொத்தமாகத் தர ஒப்புக்கொள்ளாமல் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொண்டிருந்தார். அடுத்த கப்பல் வருமா என்று ஒரு நாட்டின் அமைச்சர்கள் காத்துக் கிடந்தார்கள். அந்த அவமானத்தைப் பார்த்தவர் அன்றைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். கொள்முதலுக்கு விலை நிர்ணயிக்க ஓர் ஆணையம், வாங்கிச் சேமிக்க இந்திய உணவுக் கழகம், புதிய விதை என்று வரிசையாகச் செய்தார்கள். உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் 1965 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கல் நாளில், தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. அந்தக் கல்யாணப் பந்தி நடந்த மண்டபத்திலிருந்து பேருந்தில் போகிற தூரம். அடுத்த வீட்டுக் கிணற்றை நம்பித் தன் கிணற்றைத் தூர்க்கக்கூடாது என்று பட்டுத் தெரிந்துகொண்ட தலைமுறை செய்த வேலை அது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தூர்க்கச் சொல்கிறார்கள்.

உலகச் சந்தையில் விற்கப்படும் அரிசியில் ஏறத்தாழ 40 சதவீதம் இப்போது இந்திய அரிசி. 2023 ஜூலையில் நாம் பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது ஆப்பிரிக்க நாடுகளில் விலை ஏறியது. ‘எவன் மலிவா விளைவிக்கிறானோ அவன்கிட்ட’ என்று அந்தப் பையன் சொன்னானே, அந்த ‘அவன்’ அவனுடைய சொந்த ஊர்க்காரன்தான். 140 கோடிப் பேர் சந்தைக்கு வாங்கப் போனால் விற்க யாரிடம் அரிசி இருக்கும்?

மானியத்தைத் தின்று கொழுக்கிறான் விவசாயி என்கிறார்களே, அவர்கள் ஒரு முறை அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வந்து பார்க்கட்டும். சாலையோரத்தில் நெல்லைக் கொட்டி வைத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, சாக்கு இல்லை, லாரி இல்லை என்று நாள்கணக்கில் காத்து, ராத்திரி மழையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு குவியலின் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறவன் கொழுத்தவனா? மூட்டைக்கு இவ்வளவு என்று கையூட்டு கேட்பவனை விட்டுவிட்டு, கொடுத்து அழுகிறவனைச் சுமை என்பதா? சேமிக்கக் கிடங்கு கட்டாமல் திறந்தவெளியில் நெல்லை முளைக்க விட்டது அரசு. அதற்கும் விவசாயிமேல் பழி. கொள்முதலில் ஓட்டை இருந்தால் ஓட்டையை அடைக்க வேண்டும். அதைச் சொல்லாமல் கொள்முதலையே கைவிடச் சொல்கிறவர்களின் நோக்கம் எனக்குத் துளியும் நல்லதாகத் தெரியவில்லை.

இதே நோக்கம் ஜெனீவாவிலும் உட்கார்ந்திருக்கிறது. உலக வணிக அமைப்பின் வேளாண் ஒப்பந்தப்படி, ரேஷனுக்காக அரசு விவசாயியிடம் தானியம் வாங்கினால், கொடுக்கும் விலைக்கும் 1986-88 காலத்துச் சர்வதேச விலைக்கும் உள்ள வித்தியாசம் மானியமாகக் கணக்கிடப்படும். நாற்பது வருடத்துக்கு முந்தைய விலை! டீசலை அன்றைய விலையில் தருவார்களா? உரத்தைத் தருவார்களா? அந்தக் கணக்கில் நமக்கு வரம்பு உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம். தாண்டினால் குற்றவாளி. அமெரிக்கா தன் நாட்டில் 4 கோடிப் பேருக்கு உணவு வாங்கப் பணம் கொடுக்கிறது. அதற்கு வரம்பே கிடையாது, சந்தையைக் கெடுக்காத உதவி என்ற பெட்டியில் அதைப் போட்டுவிட்டார்கள். அவர்கள் ஏழைக்குக் காசு கொடுத்தால் உதவி, நாம் விவசாயியிடம் வாங்கி ஏழைக்கு அரிசி கொடுத்தால் குற்றம். 2018இல் இந்தியாவின் நெல், கோதுமை ஆதரவு வரம்பைப் பல மடங்கு மீறுகிறது என்று புகார் கிளப்பியதும் இதே அமெரிக்காதான். 1995இல் ஹைட்டியின் கதவை மூன்று சதவீதத்துக்குத் திறந்தது எந்தக் கையோ அதே கை.

2013 டிசம்பரில் பாலியில் நடந்த அந்த அமைப்பின் மாநாட்டில் இந்தியா முரண்டு பிடித்ததால் தற்காலிகமாக ஒரு விலக்கு கிடைத்தது. வரம்பைத் தாண்டினாலும் வழக்குத் தொடர மாட்டோம், 2017க்குள் நிரந்தரத் தீர்வு காண்போம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2017 பியூனஸ் அயர்ஸ் மாநாட்டில் தீர்வு இல்லை. 2024 அபுதாபி மாநாட்டிலும் இல்லை. அந்த விலக்கிலும் ஆயிரம் நிபந்தனை. அதைப் புதிய பயிருக்கு நீட்ட முடியாது. இனிமேல் இப்படிக் கொள்முதல் தொடங்க நினைக்கும் ஏழை நாட்டுக்கும் அது கிடைக்காது. அதாவது நாளைக்கு ஹைட்டியில் நல்ல அரசு ஒன்று வந்து, ஆர்ட்டிபோனிட் விவசாயியிடம் கட்டுப்படியாகும் விலைக்கு நெல் வாங்கி, போர்ட்-ஓ-பிரின்ஸ் சேரியில் ரேஷன் கடை திறக்க நினைத்தால், பாலியில் நாம் வாங்கிய அந்தக் கொஞ்சநஞ்சப் பாதுகாப்பும் அதற்கு இல்லை. அங்கே இப்போது 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர், ஜனத்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர், கடும் உணவுப் பற்றாக்குறையில் இருக்கிறார்கள். ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கில் ஆயுதக் கும்பல்கள் ஊர்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. 2024 அக்டோபரில் பாண்ட்-சோந்தே என்ற ஊரில் 70 பேருக்கு மேல் வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். அந்தக் கும்பலில் துப்பாக்கி தூக்கி நிற்கும் இளைஞர்கள், விளைவித்த நெல்லை விற்க முடியாத ஒரு பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்கள். அடுத்த மாநாட்டுக்குப் போகிற நம் அமைச்சர் இந்தியாவுக்கு மட்டும் விலக்கு கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பக்கூடாது. 1986-88 விலையைத் தூக்கி எறியும்வரை, புதிதாகக் கொள்முதல் தொடங்கும் நாடுகளுக்கும் அதே உரிமை எழுத்தில் வரும்வரை, வேறு எந்த ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்துப் போடக்கூடாது.